அடியில் கிழிந்த காற்றுப்பை

அருள்மேரியின் கண்ணுக்குத் தப்பி ஒரு குமிழிகூட மேலே வந்ததில்லை. பெருங்களத்தூரில் ரயில் பாதையை ஒட்டிய தகரக் கொட்டகை அது. எழுபது பெண்கள் ஏற்றுமதிக்கான காற்றுப்பைகளைச் செய்தார்கள். ஆழ்கடலில் இறங்குகிறவர்கள் முதுகில் இரட்டைச் சிலிண்டரோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் பை. காற்றை நிரப்பினால் ஆளை மேலே தூக்கும். விட்டால் கீழே இறக்கும். ஒவ்வொரு பையையும் ஊதி, எடை கட்டி, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திப் பார்ப்பது மேரியின் வேலை. கசிவில்லை என்றால் தன் முத்திரையைக் குத்துவாள்.

கடலை அவள் பார்த்ததே இரண்டு முறைதான். ஆனால் மூச்சு முட்டும் மனிதனைத் தினமும் பார்த்தாள். கல்குவாரித் தூசி அவள் கணவன் சாலமோனின் நுரையீரலைத் தின்றிருந்தது. இரும்புலியூர் வீட்டில் அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினான். காற்றுக்காக வாயைத் திறக்கும் முகம் எப்படியிருக்கும் என்று அந்தக் கொட்டகையில் அவளைவிட அறிந்தவர் யார்?

தொண்ணூற்று மூன்றில் புது மாடல் வந்தது. பையைச் சுற்றி ரப்பர் கயிறுகள். காற்றில்லாதபோது பை தொளதொளவென்று ஆடாமலிருக்க அந்த ஏற்பாடு. முதல் வாரமே ஒரு பையின் அடிப்பக்கத்தில் தையல் ஊசி பட்டுவிட்டது. பழைய மாடலில் அடியில் ஓட்டை விழுந்தால் மேல்பாதியில் காற்று தங்கும். இதில் தங்கவில்லை. கயிறுகள் பிழிந்த பிழியில் காற்றெல்லாம் ஓட்டை வழியே போய், பை எடையோடு தொட்டியின் தரையில் படுத்தது. மேரி கயிறுகளைக் கழற்றி அதே பையை மறுபடி ஊதி அமிழ்த்தினாள். பாதிக் காற்றோடு, எடையையும் தாங்கிக்கொண்டு மிதந்து நின்றது.

ஓடிப்போய் மேனேஜர் கஸ்தூரிரங்கனிடம் சொன்னாள்.

"ஓட்டை இல்லாம அனுப்பத்தானே மேரி உன்னை வெச்சிருக்கேன்?"

"கடல்ல பாறை கீறாதா சார்? அப்ப இன்னா பண்ணுவாரு அந்த ஆளு? ஆர்டர் குடுத்த வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஒரு லெட்டர் போடுங்க சார்."

"அப்ரூவ்டு சாம்பிள்ல எலாஸ்டிக் இருக்கு. அதுல கை வெச்சா மொத்த லாட்டும் ரிஜெக்ட். டிசைன் அவங்களோடது. நம்மளது தையல். போய் வேலையைப் பாரு."

போனாள். வேறெங்கே போவாள்? வீட்டில் சாலமோனின் மருந்துச் சீட்டு காத்திருந்தது. அந்த லாட்டின் முந்நூறு பைகளிலும் அவள் முத்திரை விழுந்தது.

எட்டு மாதம் கழித்து அவற்றில் ஒன்று திரும்பி வந்தது. உப்புப் பூத்து, அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. கடலடியில் ஏதோ இரும்பு கிழித்ததாம். எல்லோரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். கிழிசலை ஒட்டிவிட்டு மேரியையே சோதிக்கச் சொன்னார் மேனேஜர். தையல் இணைப்புகளில் ஒரு குமிழிகூட இல்லை.

"சபாஷ். நம்ம மேல குத்தமில்ல," என்றார் அவர். பல நாள் கழித்து அன்றுதான் சிரித்தார்.

"போட்டுக்கினு இருந்தவரு, சார்?"

"மேல வரவே இல்லையாம்."

"கயிறு இல்லேன்னா வந்திருப்பாரு. இப்பவாச்சும் எழுதுங்க சார்."

"தையல் சரியான்னுதான் கேட்டிருக்காங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும்."

அன்று அவள் சாப்பிடவில்லை. பேர் தெரியாத அந்த மனிதனுக்குச் சாலமோனின் முகத்தைத்தான் அவளால் கொடுக்க முடிந்தது. அந்த முகம் அவளைத் தூங்கவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலிலிருந்து திரும்பியதும் நோட்டுத் தாள்களைக் கிழித்து எழுத உட்கார்ந்தாள். 'ஐயா, பையைச் சுற்றியுள்ள கயிறுகளைக் கழற்றிவிடுங்கள். அடியில் கிழிந்தால் காற்றெல்லாம் போய்விடும். நான் பார்த்தேன்.' தாளுக்குத் தாள் அதே வரிகள்.

சாலமோன் ஒன்றை வாங்கிப் படித்தான். "அவங்களுக்கு... தமிழ்... தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் ஏன்?"

"எனக்குத் தெரிஞ்சது இதானே." அவள் தலை நிமிரவில்லை.

திங்களன்று புது லாட்டில் பைக்கொரு தாளாக மடித்து வைத்தாள். நாற்பதாவது பையில் பேக்கிங் தனக்கோடியிடம் மாட்டிக்கொண்டாள். பத்து வருடத் தோழி.

"இன்னாக்கா இது, உள்ளே கடுதாசி கீது? எந்த மச்சானுக்கு எழுதிகினு கீற?" என்று சிரித்தபடி பிரித்தவளின் முகம் படிக்கப் படிக்க மாறியது. "உனக்குப் பைத்தியமா? சார் பாத்தா இன்னிக்கே வெளிய தள்ளிடுவாரு. அண்ணனுக்கு மருந்து எவன் வாங்கித் தருவான்?"

"ஒருத்தராச்சும் யார்கிட்டயாவது காட்டிப் படிக்க மாட்டாங்களா, தனம்?"

"குப்பைன்னு கடாசுவாங்கக்கா." தனக்கோடியின் கண் கலங்கியது. அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து தாள்களை உருவினாள்.

அன்பு செய்த அந்தக் கொடுமையை மேரி பார்த்துக்கொண்டே நின்றாள். தடுக்கக் கை எழவில்லை. பிறகு ரவிக்கைக்குள்ளிருந்த மிச்சத் தாள்களையும் எடுத்து அவளே தோழியின் கையில் கொடுத்தாள். மணியடித்தது. தொட்டிக்குத் திரும்பி, அடுத்த பையை ஊத ஆரம்பித்தாள்.