இடது பக்கத்து மஞ்சள்

நாமக்கல்லில் ஒரு விடுதிப் பள்ளியில் நான் ஓவிய ஆசிரியர். பரீட்சை நெருங்கினால் என் வகுப்பைக் கணக்கு வாத்தியார் பிடுங்கிக்கொள்வார். படம் வரைந்து யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று நானே நம்பிவிட்ட சமயத்தில்தான், சேலத்து நரம்பு மருத்துவர் என்னைப் படம் வரையச் சொன்னார்.

என் மனைவிக்கு வலிப்பு. வருவதற்குச் சற்று முன் இடது பக்கம் வண்ண வட்டங்கள் சுழலும் என்பாள். "மூளையோட பின்பக்கம், பார்வைக்கான இடத்துல மின்சாரம் தாறுமாறாப் பாயுது. அதுதான் நிறமாத் தெரியுது. தெரியறதை வரைஞ்சு கொண்டு வாங்க, எந்த இடம்னு பிடிக்க உதவும்," என்றார் மருத்துவர்.

"உன் மூளையும் என் பொழப்பையே பாக்குது பாரு," என்று பேருந்தில் கிண்டல் செய்தேன். சிரித்தாள். எனக்கு உள்ளூரப் பெருமை. அவள் விழும்போது தலையைத் தாங்குவதைத் தவிர நான் செய்யக்கூடியது ஒன்றாவது கிடைத்ததே.

ஆனால் நான் பார்க்காததை எப்படி வரைவது? வலிப்பு தெளிந்து எழுந்தால் அவளுக்கும் பாதி மறந்திருக்கும். நிறங்களை அடுக்களையிலிருந்துதான் எடுத்துச் சொல்வாள்.

"இந்த மஞ்ச இல்லீங்க. நாட்டுக்கோழி முட்டைக் கரு மாதிரி."

கலந்து காட்டினால், "இன்னுங் கொஞ்சம் கண்ணைக் கூசுமுங்க," என்பாள். அடுத்த முறை வரும்போது நன்றாகப் பார்த்து வைத்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படத்தை அவள் முன்னால் பிடித்தேன். வெகுநேரம் பார்த்தாள்.

"பச்சை சரியா இருக்குதுங்க. வட்டம் இன்னும் பெருசு. ஓரத்துல மஞ்ச பத்தலீங்க."

அவள் இத்தனை தெளிவாகச் சொன்னதே இல்லை. "எப்புடி இவ்வளவு கரெக்டா சொல்ற?" என்றேன், சந்தோஷமாகத் தூரிகையை மஞ்சளில் தோய்த்தபடி.

"பக்கத்துல வெச்சுப் பாத்துத்தானுங்க சொல்றேன்."

அவள் பார்வை படத்திலிருந்து இடது பக்கச் சுவருக்குப் போனது. வெறும் சுவர். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. தூரிகையைப் போட்டுவிட்டுத் தாங்கினேன். உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. "ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல," என்று எப்போதும் போலச் சொன்னேன். அவளுக்குக் கேட்காது என்று தெரியும். வேறென்ன செய்ய? என் கையிலிருந்த மஞ்சள் அவள் கன்னமெல்லாம் அப்பியிருந்தது.

வெகுநேரம் கழித்துக் கண் விழித்தாள். தரையில் கிடந்த படத்தைப் பார்த்தாள். பிறகு என்னை.

"ஏனுங்க, இன்னும் மஞ்ச போடலீங்களா?"