பின்கதவுத் தாழ்ப்பாள்

அந்த விடுதியில் பன்னிரண்டு அறைகள். பன்னிரண்டுக்கும் காட்டைப் பார்த்த பால்கனி உண்டு. சமையலறை கீழ்த்தளத்தில், பின்பக்கம். அதன் பின்கதவைத் திறந்தால் நாலு படி, பிறகு கொஞ்சம் புல்வெளி, அதைத் தாண்டினால் மரங்கள். அந்தக் கதவு வழியாகப் பதினோரு வருடம் போய்வந்தவளை எல்லோரும் சமையலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பேரைச் சம்பளப் பதிவேட்டில் மட்டும் பார்க்கலாம்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாய் தகப்பன் இல்லாத தங்கையை வளர்த்து ஆளாக்குவதிலேயே வயது ஓடிவிட்டது. தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தவள் அவள்தான். வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த அந்த மாப்பிள்ளைக்காக முதலாளி காலில் விழாத குறையாகக் கெஞ்சி, விடுதியில் மேனேஜர் நாற்காலி வாங்கிக்கொடுத்ததும் அவள்தான். தங்கையும் புருஷனும் விடுதிக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீட்டில் குடியிருந்தார்கள். சமையலக்கா சமையலறையை ஒட்டிய சாமான் அறையிலேயே படுத்துக்கொள்வாள்.

காட்டில் கரடிகள் இருந்தன. அதற்காக அவள் பயந்து நடுங்கியதில்லை, அசட்டையாக இருந்ததும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வனக்காவலர் ஒருவர் வந்து உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்திருந்தார். எச்சிலை வெளியே கொட்டக்கூடாது, இரும்பு டிரம்மில் போட்டு மூடிக் கொக்கி மாட்டவேண்டும். மரங்கள் பக்கம் போனால் சத்தம் கொடுத்துக்கொண்டே போகவேண்டும். எதிரில் பார்த்துவிட்டால் ஓடக்கூடாது, முதுகைக் காட்டக்கூடாது, மெல்லப் பின்னால் நகரவேண்டும். குட்டியோடு இருந்தால் அந்தத் திசையே வேண்டாம். மேலே பாய்ந்துவிட்டால் குப்புறப் படுத்து, கழுத்துக்குப் பின்னால் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு அசையாமல் கிடக்கவேண்டும். இதையெல்லாம் அவள் மனப்பாடம் செய்துவைத்திருந்தாள். வெந்நீர் கேட்டுக் கீழே வருகிற விருந்தாளிகளிடமும் ஒப்பிப்பாள். அவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள்.

ஒரு மழைக்காலத்தில் அறைகள் காலியாகக் கிடந்தன. அப்போது ஒருநாள் கொக்கி மாட்ட மறந்த டிரம்மை ஒரு பெண்கரடி வந்து உருட்டியது. தங்கியிருந்த ஒரே குடும்பம் அதைப் படம் பிடித்துப் போட்டது. அடுத்த வாரமே ஆறு அறைகள் நிரம்பின. முதலாளிக்கு அன்றைக்கு ஞானம் பிறந்தது. டிரம்மை எடுக்கச் சொல்லிவிட்டு, புல்வெளியின் ஓரத்தில் வெட்டிப்போட்டிருந்த அடிமரத்தைக் காட்டினார். தினமும் ஐந்து மணிக்கு மிச்சம் மீதியை அதன்மேல் கொட்டவேண்டும். பால்கனிக்கு நேர் எதிரில்.

"ஐயா, இது வேணாம். இன்னைக்கு மரத்துல தின்னுறது நாளைக்கு அடுப்படிக்கு வரும்."

"வரட்டுமே. இன்னும் ரெண்டு ரூம் போகும்" என்றார் முதலாளி. பிறகு மேனேஜர் பக்கம் திரும்பி, உங்க அக்காவுக்கு வேலை வேணுமா வேணாமான்னு கேட்டுச் சொல்லு என்றார். அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

மேனேஜர் அவளைத் தனியாக அழைத்துப் பேசினான். அவர் சொன்னதைச் செய்துவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் எனக்கும் சேர்த்துத்தான் சீட்டுக் கிழியும் என்றான். தங்கைக்கு அப்போது நாலு மாதம். சமையலக்கா வாளியைத் தூக்கினாள்.

தூக்கினாலும் முறைப்படிதான் போனாள். கரண்டியால் வாளியைத் தட்டிக்கொண்டு, உரக்கப் பேசிக்கொண்டு போவாள். பேசுவதற்கு விஷயமா இல்லை? முதலாளியின் முகத்துக்கு நேரே சொல்லமுடியாததையெல்லாம் மரங்களிடம் சொல்லித் தீர்த்தாள். அவருடைய கஞ்சத்தனம், வழுக்கை, கடைசியாக அவர் எப்போது பல் விளக்கினார் என்கிற சந்தேகம் எல்லாம் அதில் வரும். பால்கனியில் இருந்தவர்களுக்கு வார்த்தை கேட்காது, குரல் மட்டும் கேட்கும். அவள் கரடியைச் செல்லமாகக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து அதையும் படம் பிடித்தார்கள்.

சத்தத்தில் கரடி தாமதமாக வருகிறது என்று ஒரு விருந்தாளி குறைசொன்னார். அன்றோடு கரண்டிக்கும் பேச்சுக்கும் தடை வந்தது. வாயை மூடிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வா என்று உத்தரவு. மூன்று வாரம் அப்படியே போய்வந்தாள்.

அன்று மணி ஐந்துகூட ஆகவில்லை. கிட்டத்தில் பார்க்கவேண்டும் என்று நாலு விருந்தாளிகள் சமையலறை ஜன்னலுக்கே வந்து நின்றார்கள், மேனேஜர்தான் அழைத்துவந்தான். சமையலக்கா வாளியோடு படி இறங்கிப் பாதித் தூரம் போனபோது, அடிமரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குட்டி எட்டிப் பார்த்தது. அதற்குப் பின்னால் தாய் எழுந்து நின்றது.

அவள் ஓடவில்லை. வாளியை மெல்லக் கீழே வைத்தாள். கண்ணை எடுக்காமல், தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லியபடி ஒவ்வோர் அடியாகப் பின்னால் வந்தாள். கரடியும் அங்கேயே நின்றது. படியேறிக் கதவில் முதுகு முட்டியது. கையைப் பின்னால் விட்டுத் தள்ளினாள். கதவு திறக்கவில்லை. ஜன்னலில் நின்ற ஒருவர் பயந்து கத்தியதும் மேனேஜர் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தான்.

"தம்பி, கதவத் திற."

"கொஞ்சம் பொறுங்கக்கா. அதுவே போயிடும்."

போயிருக்கலாம். மேலே பால்கனியிலிருந்து யாரோ, கரடி முகத்தைத் திருப்பட்டும் என்று விசில் அடித்தார்கள். குட்டி வெருண்டு கத்தியது. தாய் பாய்ந்தது.

குப்புறப் படுக்கத்தான் பார்த்தாள். குறுகலான படியில் படுக்க இடமில்லை. கரடி அவளை ஒரே இழுப்பில் மல்லாக்கப் புரட்டியது. இடது கண்ணும், அந்தப் பக்கத்துக் கன்னமும், முகத்தை மறைத்த கையில் இரண்டு விரல்களும் போயின. புல்லில் உருண்டு விழுந்த பிறகுதான் குப்புறத் திரும்பிக் கழுத்தைப் பொத்திக்கொள்ள முடிந்தது. அசையாமல் கிடந்தாள். கரடி இரண்டு தடவை முகர்ந்துவிட்டுக் குட்டியோடு போய்விட்டது. வாளியைத் தொடக்கூட இல்லை. மேனேஜர் கதவைத் திறந்தது அதற்கும் வெகுநேரம் கழித்து. அசையாமல் கிடந்ததால்தான் உயிர் மிஞ்சியது என்றார் மருத்துவர்.

மூன்றாம் நாள் தாய்க்கரடியைச் சுட்டார்கள். குட்டியைக் கூண்டில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு விசாரணை. முதலாளி உருகி உருகிப் பேசினார். அவளுக்கு மிருகங்கள் என்றால் உயிர், எத்தனை தடவை தடுத்தும் கேட்கவில்லை என்றார். விருந்தாளிகள் எடுத்த படங்களைக் காட்டினார். வாளியைத் தட்டிக்கொண்டு, மரங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டே போகிறவள் அவற்றில் நன்றாகத் தெரிந்தாள். கதவு திறந்துதான் இருந்தது, அவள் பதற்றத்தில் தள்ளத் தெரியாமல் நின்றுவிட்டாள் என்று மேனேஜர் எழுதிக் கையெழுத்துப் போட்டான். ஜன்னலில் நின்ற நாலு பேரும் மறுநாளே அறையைக் காலிசெய்துவிட்டுப் போயிருந்தார்கள்.

விசாரணை அதிகாரி மருத்துவமனைக்கு வருவதற்கு முன் தங்கை வந்தாள். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை, போர்வையைப் பார்த்துப் பேசினாள்.

"அக்கா, நீ எதுவும் சொல்லிடாத. இவருக்கு வேலை போச்சுன்னா நான் வயித்துப் பிள்ளையோட எங்க போவேன்? உனக்குப் போனது போயிடுச்சு."

சமையலக்காவின் வாய் தையலில் இருந்தது. அதிகாரி கேட்பார், தலையை ஆட்டினால் போதும். நீங்களாகத்தான் போய்த் தீனி போட்டீர்களா என்று கேட்டார். தங்கை அவளுடைய மிச்ச விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சமையலக்கா தலையை ஆட்டினாள்.

விடுதி அவளைக் கைகழுவியது. காட்டு விலங்குக்குத் தீனி போட்டவள் என்பதால் அரசு உதவியும் கிடைக்கவில்லை. குழந்தை பிறந்ததைக்கூட அவள் வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். பிள்ளை பயந்துவிடும், கொஞ்ச நாள் வராதீர்கள் என்று மேனேஜர் சொல்லியனுப்பினான். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை.

பழைய வனக்காவலர்தான் அலைந்து திரிந்து, காட்டு வாசலில் அவளுக்கு ஒரு வேலை பிடித்துக்கொடுத்தார். உள்ளே போகிற வண்டிகளை நிறுத்தி, செய்யவேண்டியதையும் செய்யக்கூடாததையும் சொல்லவேண்டும். முதலில் முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு சொன்னாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருநாள் வனத்துறை அதிகாரி வந்து பார்த்துவிட்டு, அந்தத் துணியை எடுத்துடும்மா, நீ பேசக்கூட வேண்டாம் என்றார். அவர் கணக்குத் தப்பவில்லை. துணியில்லாத முகத்தைப் பார்த்ததும் வண்டிக்குள் பேச்சு நின்றது, ரொட்டிப் பொட்டலங்கள் பைக்குள் போயின. அடுத்த மாதம் அவளைப் படம் எடுத்துப் பெரிதாக்கி வாசலில் மாட்டினார்கள். கீழே கொட்டை எழுத்தில்: கரடிக்கு உணவளித்ததன் விளைவு. அந்தப் பலகைக்கு அடியில்தான் அவளுடைய ஸ்டூல்.

மூன்றாவது வருடம் விடுதி வேன் ஒன்று வந்து நின்றது. முன் சீட்டில் மேனேஜர், பின்னால் விருந்தாளிகள். அவள் வழக்கம்போலச் சொல்லிமுடித்தாள். பின்சீட்டில் இருந்த ஒரு பெண், பரிதாபமும் கண்டிப்புமாக, ஏம்மா, தெரிஞ்சும் நீங்க ஏன் அதுக்குச் சாப்பாடு போட்டீங்க என்று கேட்டாள்.

"போடச் சொன்னது இவரோட முதலாளி. வெளிய நான் நிக்கிறப்பக் கதவச் சாத்தினது இவரு." குரல் உயரவில்லை. வழி சொல்வது மாதிரிதான் சொன்னாள்.

வேனில் எல்லோரும் மேனேஜரைப் பார்த்தார்கள். அவன் பெருமூச்சு விட்டான். "எங்க அக்காதான். அடிபட்டதுல இருந்து இப்படித்தான்" என்று சொல்லி, நெற்றிப்பொட்டைத் தட்டிக் காட்டினான். அந்தப் பெண் ஐயோ பாவம் என்று சொல்லி, ஜன்னல் வழியாக ஓர் ஆரஞ்சுப் பழத்தை நீட்டினாள். வேன் உள்ளே போனது.

பக்கத்தில் நின்ற அந்தப் பழைய வனக்காவலர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அவள் தடுத்தும் கேட்காமல் மேலதிகாரிக்கு எழுதினார். கோப்பு மூடியாகிவிட்டது என்று பதில் வந்தது. அந்தப் படத்தையாவது இறக்கலாமா என்று நேரில் போய்க் கேட்டார். அதிகாரி புள்ளிவிவரத்தை எடுத்துக் காட்டினார். பலகை வைத்த நாளிலிருந்து அந்தப் பக்கத்தில் ஒருவருக்கும் கீறல்கூட விழவில்லை. அது உண்மைதான்.

வெயிலிலும் மழையிலும் படம் வருடத்துக்கு ஒருமுறை வெளுத்துப்போகிறது. அப்போது ஓர் ஆள் வந்து புதிதாக ஒட்டிவிட்டுப் போகிறான். அவன் மேலே நின்று ஒட்டும்போது ஏணி ஆடாமல் பிடித்துக்கொள்வது சமையலக்காதான்.