பனந்தோப்புப் படலும் என் வாயும்

அந்தக் காவலாளியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அது நியாயமா என்று கேட்காதீர்கள். கொதிக்கிறது, அவ்வளவுதான்.

சர்க்கரையால் என் அக்காவுக்கு ஒரு கண் போய்விட்டது. இன்னொன்றும் சீக்கிரம் போய்விடும் என்று சென்னையில் டாக்டர் சொன்னார். அவள் எதிரில் சொல்லவேண்டாம் என்று நான் காட்டிய ஜாடையை அந்த மனுஷன் கவனிக்கவே இல்லை. வெளியே வந்ததும் அக்கா அழவில்லை. பார்வை இருக்கும்போதே ஒரு தடவை கடலைப் பார்த்துவிட வேண்டும் என்றாள். ஜவ்வாது மலையை விட்டு அதிகம் இறங்காதவள், கடலைப் பார்த்ததே கிடையாது.

கூட்டத்தில் அவளைக் கூட்டிப்போக எனக்குப் பயம். நகரத்துக்குத் தெற்கே ஆள் நடமாட்டமில்லாத கடற்கரை ஒன்று இருக்கிறது, கரையோரம் பூரா பனைமரம் என்றார் ஆட்டோக்காரர். மறுநாள் காலை அங்கே போனோம். மத்தியானத்துக்குள் திருவண்ணாமலை பஸ்ஸைப் பிடித்தால்தான் ஜமுனாமரத்தூருக்கு மேலேறும் கடைசி பஸ் கிடைக்கும். மாடுகளைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தோம். இன்னொரு நாள் தங்க வழியில்லை.

ரோட்டிலிருந்தே அலைச் சத்தம் கேட்டது. நடுவில் பனந்தோப்பு, சுற்றிலும் கம்பி வேலி, வேலியில் ஓலை வைத்துக் கட்டிய ஒரு படல். எங்கள் மலையில் யார் கொல்லையானாலும் படலைத் திறந்து குறுக்கே நடந்துபோகலாம். போகிறவர் மாடு நுழையாதபடி திரும்பக் கட்டிவிட வேண்டும். அக்கா யோசிக்கவே இல்லை. கயிற்றைப் பிரித்தாள், என்னை உள்ளே விட்டாள், தடவித் தடவிப் பழையபடி முடிச்சுப் போட்டாள்.

பாதித் தோப்பு கடந்திருப்போம். காவலாளி ஓடிவந்தான். இது ரிசார்ட்டுக்குச் சொந்தமான இடம், தங்குகிறவர்களுக்கு மட்டும்தான் என்றான். கட்டி வைத்த படலைப் பிரித்து நுழைவது திருட்டு வேலை என்றான். அக்காவைப் பார்த்துத்தான் சொன்னான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த மூச்சிலேயே அவன் வழியும் சொன்னான். வெளியே போனால் இடது பக்கம் குப்பத்துச் சந்து, பத்து நிமிஷ நடை, நேரே கடல். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வுடுடா. அந்தப் பக்கமா போய்ட்டு பாத்துக்கலாம்."

நான் விடவில்லை. நாங்கள் எதற்குச் சுற்றிப் போகவேண்டும், கடல் என்ன உன் அப்பன் வீட்டுச் சொத்தா என்று ஆரம்பித்தேன். யாரைப் பார்த்துத் திருட்டு என்றாய், மன்னிப்புக் கேட்காமல் நகரமாட்டேன் என்றேன். அவன் மேனேஜருக்கு போன் போட்டான். அவர் சாவகாசமாக வந்தார். அவரிடமும் முதலிலிருந்து கத்தினேன். கடைசியில் அவர் சொல்லி, காவலாளி அக்காவிடம் ஸாரி கேட்டான். ஜெயித்துவிட்டேன். மணியைப் பார்த்தால் பஸ்ஸுக்கே நேரமில்லை.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஆட்டோவில் சமாதானம் சொன்னேன். அடுத்த மாதம் வருவதற்குள் அந்தக் கண்ணும் போய்விட்டது.

போன வாரம் புளி ஆய்ந்துகொண்டே அக்கா கேட்டாள்.

"அன்னிக்கி அந்தாளோட நின்னுனு இருந்தியே, அங்கருந்து கடல் தெரிஞ்சிதாடா? எனக்கு மரத்துக்கு நடுவுல வெறும் வெளிச்சமாத்தான் இருந்துச்சு. இன்னா மாதிரி இருந்துச்சு, சொல்லேன்."

தெரிந்திருக்கும். நான் கடல் பக்கம் பார்த்துத்தான் நின்றிருந்தேன். ஆனால் அத்தனை நேரமும் நான் பார்த்தது அவன் முகத்தை. அவன் மீசையில் எந்தப் பக்கம் நரை அதிகம் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன்.

அதையெல்லாம் இப்போது எதற்குக் கிளறுகிறாய் என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன்.