நடுவில் ஒரு பெட்டி

"கைதவறி அழிச்சுட்டார், சார். வேற ஒண்ணுமில்ல."

பதினோரு வருடத்துக்கு முன்னால் மேனேஜர் அறையில் மச்சான், மனைவியின் அண்ணன், சொன்னது இவ்வளவுதான். பக்கத்திலேயே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார் கட்டிங்காரர். அன்றோடு பேச்சு நின்றது.

அட்டைப்பெட்டிக் கம்பெனி அது. கட்டிங்காரர் வேலை, கம்ப்யூட்டரில் இருக்கிற பெட்டி வரைபடத்தை எடுத்து மேசை மேல் ஓடுகிற கத்திக்குக் கொடுத்து அட்டை வெட்டுவது. ஒரு பாட்டில் கம்பெனிக்காக ஒரு செவ்வாய்க்கிழமை வரைபடத்தை அரை விரல் பெரிதாக்கி வைத்தார். புதன்கிழமை காலையில் எண்ணூறு பெட்டி வெட்டினார். ஒரு பாட்டில்கூட உள்ளே போகவில்லை. திறந்து பார்த்தால் பழைய வரைபடமே இருந்தது. "நான் மாத்தினேன் சார், என் கையால மாத்தினேன்" என்று அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னார். சாயங்காலமானால் எல்லா மெஷினும் சர்வரும் ஒன்றுக்கொன்று நகல் எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்து வைத்திருந்தது மச்சான்தான். கோளாறு அதில்தான், அதை மறைக்க மச்சான் என்னைப் பலி கொடுத்துவிட்டார் என்று கட்டிங்காரர் முடிவு கட்டினார். வரவேண்டிய ஃபோர்மேன் பதவி வேறொருவருக்குப் போனது. தங்கையைக் கட்டிக்கொடுத்த வீட்டையே காட்டிக்கொடுத்தவரிடம் என்ன பேச்சு?

மச்சானுக்குக் கம்பெனியில் பெயர் 'ஒயர்'. மற்றவர்கள் பேனா வைக்கிற சட்டைப்பையில் அவர் ஒரு சாண் ஒயர் வைத்திருப்பார். ரேடியோ ரிப்பேர் கடையில் தரை பெருக்கி, அப்புறம் ரேடியோவைக் கழற்றி, அப்புறம் டிவியைக் கழற்றி, கம்ப்யூட்டர் வந்தபோது அதையும் கழற்றிக் கற்றுக்கொண்டவர். எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் முடியும் என்றும் சொல்லமாட்டார், முடியாது என்றும் சொல்லமாட்டார். "பாக்கலாம்" என்பார். அதற்கு நாலு நாளா நாலு மாதமா என்பது அவருக்கே தெரியாது. எழுதிவைப்பதை எல்லாம் கழிவு அட்டையில்தான் எழுதுவார். காகிதம் பறந்துபோகும், அட்டை கிடந்த இடத்தில் கிடக்கும் என்பார். கல்யாணம் ஏன் பண்ணிக்கவில்லை என்று கேட்டால், "பண்ணியிருந்தா அவளையும் கழட்டிப் பாத்திருப்பேன்" என்று சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். நுரையீரல் கெட்டு ரெண்டு வருடமாக வீட்டோடு கிடந்தார். மாடியில் ஒற்றை அறை, கட்டில், கால்மாட்டில் ஆக்ஸிஜன் சிலிண்டர். காலையும் மாலையும் தங்கை சாப்பாடு கொண்டுபோவாள்.

இந்த வருடம் கம்பெனியில் புது சர்வர் வாங்கினார்கள். ஆபீஸில் இருந்த கம்ப்யூட்டர்கள் எல்லாம் அதோடு ஒரே நாளில் ஒட்டிக்கொண்டன. கட்டிங் பகுதியில் இருந்த நாலு பழசு மட்டும் ஒட்டவில்லை. பழுப்பேறிப்போன டப்பா மானிட்டர்கள். அதுகளுக்குப் பென்டிரைவ் சொருகுகிற இடம் கிடையாது. பிளாப்பி போடுகிற வாய் அட்டைத்தூசி அடைத்து என்றைக்கோ மூடிப்போனது. நெட்வொர்க் ஒயர் ஒன்றுதான் வழி. அந்த வழியாக இதுகள் கூப்பிடுவதைப் புது சர்வர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"இதுங்க பேசறது பழைய பேச்சு, சார்" என்றார்கள் சர்வர் போட வந்தவர்கள். "அதைத் திறந்துவிட்டா திருட்டுப்பயலுக்கு வாசல் திறந்துவிட்ட மாதிரி. இந்தத் தாத்தாக்களை எடைக்குப் போடுங்க."

மேனேஜர் ரெண்டு நாள் யோசித்தார். அப்புறம் கட்டிங் வேலையை வெளியே கொடுத்துவிடலாம் என்றார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பழைய இரும்பு லாரி வரும். மேசைகளோடு கம்ப்யூட்டரும் போகும், மெஷின் ஓட்டும் நாலு பேரும் போவார்கள். கட்டிங்காரருக்கு வயது ஐம்பத்திரண்டு. படிப்பு ஆறாவது. கத்திமேசையைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அவர் அன்று வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். பயமாக இருக்கிறதா என்று மனைவி கேட்டாள். அவர் யோசித்துப் பார்த்தார். அப்படி ஒன்றும் இல்லை. எதுவுமே இல்லை.

"அண்ணன்கிட்ட வாங்க" என்றாள்.

போனார். கட்டிலுக்கு நாலடி தள்ளி, கதவோரம் நின்றார்.

"அந்த நாலு மெஷினையும் புதுசோட சேர்க்க முடியுமான்னு உங்க அண்ணன்கிட்ட கேளு."

மச்சான் கூரையைப் பார்த்துக்கொண்டே, "சேர்க்கலாம்னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு" என்றார்.

"ரெண்டு பேருக்கும் காது இருக்கில்ல? நான் என்ன தபால்காரியா?"

"சம்பளமில்லாத தபால்காரி" என்றார் மச்சான். சிரிக்கப் போய் இருமல் வந்தது. அது அடங்க வெகுநேரம் ஆனது.

"எப்படின்னு கேளு" என்றார் கட்டிங்காரர்.

"நடுவுல ஒரு பெட்டி வைக்கணும். பழசுகிட்ட பழைய பேச்சு பேசும், புதுசுகிட்ட புதுப் பேச்சு பேசும். பழசும் புதுசும் நேருக்கு நேரா ஒரு வார்த்தை பேசிக்க வேண்டாம்." மூச்சு வாங்கினார். "இந்த ரூம்ல இவ இல்லையா, அந்த மாதிரி."

அவள் சிரித்துவிட்டாள். கட்டிங்காரர் சிலிண்டர் மேலிருந்த முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. புது சர்வர் வாங்கப் போகிறார்கள் என்று தங்கை சும்மா பேச்சுவாக்கில் சொன்னதைக் கேட்டு, மூன்று வாரமாகப் படுத்தபடியே அதைச் செய்திருக்கிறார். யாரோ தூக்கிப்போட்ட கம்ப்யூட்டர்தான். பின்னால் ரெண்டு ஒயர் சொருகுகிற இடம். சர்வர் போட்டவர்களிடம் போனில் கேட்டுப் பாஸ்வேர்டு வரைக்கும் உள்ளே போட்டாகிவிட்டது. கூடவே ஒரு அட்டை, அதில் பெரிய எழுத்து: 'சிவப்பு ஒயர் பழசுக்கு. நீல ஒயர் புதுசுக்கு. கடைசியில் நீலம்.'

வியாழக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில் மெஷின்கள் நின்றிருந்தபோது, கட்டிங்காரர் பெட்டியை நாலாவது மேசைக்கு அடியில் வைத்தார். சிவப்பைச் சொருகினார். போன் காதில் இருந்தது. அந்தப் பக்கம் மனைவி.

"சிவப்பு போட்டாச்சுன்னு சொல்லு."

"போட்டாச்சாம் அண்ணே... பச்சை லைட் எரியுதான்னு கேக்கறாரு."

"எரியுது."

"எரியுதாம்... நீலத்தைப் போடச் சொல்றாரு. சிலிண்டர்காரன் வந்திருக்கான், நான் கீழ போயிட்டு வர்றேன். போனை அவர்கிட்டயே கொடுக்கறேன். பேசினா வாய் தேஞ்சிடாது."

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. அப்புறம் மூச்சு மட்டும்.

கட்டிங்காரர் நீல ஒயரைக் கையில் பிடித்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். சொருகவில்லை. அதற்குக் காரணம் இருந்தது, அதை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மேசையை ஓட்டுகிற சாஃப்ட்வேர் ஒரு குறிப்பிட்ட தேதிக்குமேல் ஓடாது. அந்தத் தேதி வந்தபோது அதை விற்ற கம்பெனியே மூடிக்கிடந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, எல்லோருக்கும் முன்னால் வந்து, நாலு கம்ப்யூட்டரிலும் தேதியை ஐந்து வருடம் பின்னால் தள்ளிவைத்தார். ஓடியது. அந்த ஐந்து வருடம் தீர்ந்தபோது மறுபடி தள்ளினார். போன வருடம் மூன்றாவது தடவை. அந்த அறையில் எல்லோரும் பதினைந்து வருடத்துக்கு முந்தைய ஒரு நாளில் அட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் கவனிக்கவில்லை. புது சர்வர் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் சரியான தேதியைத் தானாகவே அனுப்பிவிடும் என்று ஆபீஸில் பேசிக்கொண்டதை அவர் கேட்டிருந்தார். நீல ஒயரைச் சொருகினால் இன்றைய தேதி உள்ளே வரும். நாலு மேசையும் நின்றுபோகும். சொருகாவிட்டால் நாளைக்கு லாரி.

"என்ன மாப்ளே" என்றது போன். "தேதி ஏறிடும்னு உக்காந்திருக்கியா?"

அவர் மானிட்டர் மூலையில் இருந்த தேதியை நிமிர்ந்து பார்த்தார்.

"பதினஞ்சு வருஷம் பின்னால இருக்குமே இப்ப? மூணு தடவை திருப்பியிருப்பே. போடு. தேதியை நடுப்பெட்டியிலயே நிறுத்திட்டேன். பழசுக்கு வராது."

"உங்களுக்கு எப்படி..." பதினோரு வருடத்தில் மச்சானிடம் அவர் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

"அன்னைக்கே பாத்தேன். செவ்வாக்கிழமை நீ மாத்தின வரைபடத்துல அஞ்சு வருஷத்துக்கு முந்தின தேதி. சர்வர்ல இருந்தது போன மாசத்து. எது புதுசோ அது நிக்கட்டும்னு நான்தான் நகலுக்குச் சொல்லிவச்சிருந்தேன். அது தேதியைப் பாத்துது. உன்னுதைப் பழசுன்னு அழிச்சிடுச்சு. அப்புறம் அந்தக் கணக்கை மாத்திட்டேன்."

"அப்ப மேனேஜர்கிட்ட..."

"வேணும்னே தேதியைத் திருப்பினான்னு சொல்லியிருந்தா உன்னை அன்னைக்கே வாசல்ல விட்டிருப்பாங்க. கைதவறல்னா திட்டோட போயிடும். அப்படிச் சொன்னேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லலாம்னுதான் அந்த வாரம் வந்தேன். நீ முகத்தைத் திருப்பிக்கிட்டே. சரி, கோபம் ஆறட்டும், அடுத்த வாரம் பாக்கலாம்னு விட்டேன்." மச்சான் நிறுத்தினார். மூச்சு இழுக்கிற சத்தம் நாலைந்து தடவை கேட்டது. "நீலத்தைப் போடு."

போட்டார். 'க்ளிக்' என்றது. எழுந்து மானிட்டரைப் பார்த்தார். மூலையில் தேதி அப்படியே இருந்தது. சர்வரில் இருந்த வரைபடங்கள் வரிசையாக வந்து நின்றன. ஒன்றைத் திறந்து ஒரு அட்டையைப் போட்டார். கத்தி இறங்கியது, ஓடியது, தூக்கியது. அளவுகோலை வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது.

மேனேஜர் வந்து பார்த்தார். "பரவாயில்லையே. லாரிக்காரனுக்குப் போன் போட்டு வரவேண்டாம்னு சொல்லிடறேன்" என்றார். மற்ற மூன்று பேரும் அவர் முதுகில் தட்டினார்கள். ஒருவர் டீ வாங்கி வந்தார். கட்டிங்காரர் குடித்தார். சூடாக இருந்தது என்பதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அழ வேண்டுமா, சந்தோஷப்பட வேண்டுமா என்று உள்ளே தேடிப் பார்த்தார். அங்கே பதினோரு வருடமாக ஒரு கோபம் இருந்த இடம் காலியாகக் கிடந்தது. அவ்வளவுதான். மிச்ச ஷிப்டுக்கு எழுநூறு பெட்டி வெட்டினார்.

சாயங்காலம் மாடி ஏறினார். மனைவி சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ஓடுது" என்றார்.

"ம்."

"ஃபோர்மேன் வேலை போச்சு, அதுல."

"தெரியும். அது என் கணக்குல வராம போச்சு மாப்ளே. உன் வேலை போகக் கூடாதுன்னு மட்டும்தான் பாத்தேன்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். ரெண்டு பேரும் நேராகப் பேசிக்கொள்கிறார்களே என்று வாயைத் திறந்தவள், அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

மச்சான் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு துண்டு அட்டையை எடுத்தார். எழுத்து ஏறியும் இறங்கியும் கிடந்தது. அதை நீட்டிக்கொண்டே, அதில் எழுதியிருந்ததையே சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கிச் சொன்னார். அதற்கப்புறம் அவர் ஆறு நாள் இருந்தார். வேறெதுவும் கேட்கவில்லை.

"என்னைக்காவது ஒருநாள் புது மெஷின் வாங்குவாங்க. அன்னைக்கு இந்தப் பெட்டி வேண்டாம்பாங்க. வேற எவனையும் தொட விடாதே. ஒயரை வெடுக்குன்னு பிடுங்கிடுவானுங்க. நீ போ. முதல்ல நாலு பழசையும் ஒவ்வொண்ணா அணை. அதுக்கு வந்தது, அதுலேர்ந்து போனது எல்லாம் போய்ச் சேர்ந்துதான்னு பாரு. நீலத்தை எடு, சிவப்பை எடு. நடுவுல இருக்கறதை கடைசியில அணை. உன் கையால."