பரீட்சைக்கு ருசி பார்த்த லூர்துமேரி

சமையல் பரீட்சைக்கு மார்க் போட வருகிறவர் ஒரு பருக்கை கூட வாயில் வைக்கமாட்டார் என்று சொன்னால் இன்றைக்கு யார் நம்புவார்கள்? எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் நடந்தது. 1927இல் சாந்தோம் பக்கம் ஒரு கன்னியர் மடத்துப் பள்ளியில் நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்தேன். பள்ளியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. மதர்மார்கள் யாராவது கேள்விப்பட்டால் எனக்கு நாலு பக்கம் கடிதம் எழுதுவார்கள். என் பெயர் மர்சலின். எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று கேட்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள வியாதி. ஞானோபதேச வகுப்பில் இதற்காக மூன்று முறை முழங்கால் போட்டிருக்கிறேன்.

டொமெஸ்டிக் சயன்ஸ் என்று ஒரு விருப்பப் பாடம் இருந்தது. எடுத்தவர்கள் பன்னிரண்டு பேர். பள்ளியின் பின்பக்கம் ஒரு நீளக் கொட்டகை, அதில் பன்னிரண்டு கரி அடுப்பு, மேசைமேல் ஒரு தராசு. வீட்டில் கண்ணளவில் குழம்பு வைக்கிற பெண்கள் இங்கே வந்து பருப்பை அவுன்ஸ் கணக்கில் நிறுத்தோம். காய்ச்சல் தெளிந்தவருக்கு என்ன கொடுக்கலாம், பிள்ளை பெற்றவளுக்கு என்ன ஆகாது என்று நெட்டுருப் போட்டோம். வைட்டமின் என்ற வார்த்தை அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டு நான் வகுப்பையே சிரிக்க வைத்தேன். சிரித்தவர்களுக்கும் பதில் தெரியாது என்பது வேறு விஷயம்.

செய்முறைப் பரீட்சைக்கு வருகிறவர் மயிலாப்பூர் செங்கமலம் அம்மாள். மடிசார் கட்டி, கண்ணாடி போட்டு, கையில் தண்ணீர்க் கூஜாவோடு ஜட்காவில் வந்து இறங்குவார். எங்கள் பள்ளித் தண்ணீரைக்கூடத் தொடமாட்டார். வெளியில் சாப்பிடுவது அவர் ஆசாரத்தில் கிடையாது. ஆனால் கண் இருக்கிறதே, அது கழுகுக் கண். அடுப்பைத் துடைத்த விதம், காயை நறுக்கிய விதம், கஞ்சி கரண்டியிலிருந்து விழுகிற விதம் எல்லாவற்றுக்கும் மார்க் வைத்திருந்தார். ருசிக்கு மட்டும் பத்து மார்க். சாப்பிடாதவர் அந்தப் பத்தை எப்படிப் போடுவார்? முதல் வருஷம் எல்லோருக்கும் ஐந்து ஐந்தாகப் போட்டுவிட்டுப் போனாராம். நன்றாகச் சமைத்தவர்கள் அழுதார்களாம், கரியாக்கியவர்கள் அவர் திசை நோக்கிக் கும்பிட்டார்களாம்.

அப்புறம்தான் லூர்துமேரி ஆயா வந்தாள். அவள் பட்டினப்பாக்கத்துக் குப்பத்துக்காரி. புருஷன் பிரகாசம் கட்டுமரக்காரர். பள்ளியில் பாத்திரம் தேய்க்கிற வேலைக்கு வருமுன் அவள் கருவாடு விற்றுக்கொண்டிருந்தாள். மொத்தமாக வாங்குகிற கருவாட்டில் ஒன்றை எடுத்து நாக்கு நுனியில் வைத்து, உப்புப் போட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்லிவிடுவாளாம். ஒருநாள் எங்கள் கொட்டகையில் மிச்சம் விழுந்த சாம்பாரை வழித்து வாயில் போட்டவள், "இந்தப் பொண்ணு பெருங்காயத்தை எண்ணெயில போடல, கொதிக்கசொல்ல போட்டுக்கீது" என்றாள். சிஸ்டர் விசாரித்தார். அப்படியேதான். செங்கமலம் அம்மாளுக்குச் செய்தி போயிற்று. அடுத்த பரீட்சையிலிருந்து அவருக்கு நாக்கு லூர்துமேரி ஆயாதான்.

நான் விடுவேனா, பக்கத்திலேயே நின்று கவனித்தேன். பரீட்சைக்கு மூன்று நாள் முன்னாலேயே ஆயா வெற்றிலை, புகையிலை இரண்டையும் நிறுத்திவிடுவாள். அந்த மூன்று நாளும் அவளிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது, கடித்துக் குதறிவிடுவாள். ஒவ்வொரு பண்டத்திலும் ஒரு கரண்டி தொன்னையில் ஊற்றி வைப்பார்கள். ஒன்றைக் குடித்ததும் நாலு பொரியை மென்று, வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவாள். சும்மா நாக்கில் வைத்துத் துப்பிவிட்டால் என்ன என்று கேட்டேன். "மனுசன் முழுங்கத்தானே துண்றான்? நாக்கு பாதி சொல்லும், தொண்டைதான் மீதி சொல்லும்" என்றாள். செங்கமலம் அம்மாள் "உப்பு?" என்பார். "சரி." "புளி?" "ஒரு பொட்டு தூக்கல்." அவ்வளவுதான் பேச்சு. பேனா ஓடும்.

அந்த ஆயாவின் மகள் வெரோனிகா எங்கள் வகுப்பில்தான் படித்தாள். பங்குச் சாமியார் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்கள் பங்குப் பெண் ஒருத்திக்கு இடம் கேட்டு வாங்கியிருந்தார். வெரோனிகா எல்லாப் பாடத்திலும் தேறினால் இடம் அவளுக்கு. ஒன்றில் தவறினாலும் அடுத்தது நான். என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார், எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதற்கு என் சம்பளம் வேண்டியதில்லை. வெரோனிகாவுக்கோ அந்த இடம் கைநழுவினால் மறுபடி மீன்கூடைதான். இது எனக்கும் தெரியும். நான் நல்லவள்தான், ஆனால் அந்த இடம் எனக்கு வேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு நல்லவள் இல்லை.

வெரோனிகா எழுத்துப் பரீட்சையில் தடுமாறுகிறவள். செய்முறையில் அள்ளினால்தான் டொமெஸ்டிக் சயன்ஸில் கரை சேருவாள். அள்ளுவாள் என்று எல்லோரும் நம்பினோம். பத்து பேருக்கு மீன்குழம்பு வைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடி வருகிற பெண்.

பரீட்சை வியாழக்கிழமை என்றுதான் முதலில் இருந்தது. அன்றைக்கு மயிலாப்பூரில் அறுபத்துமூவர் உற்சவம். மாடவீதியில் எறும்பு நுழைய இடமில்லை, ஜட்கா எங்கே வரும்? செங்கமலம் அம்மாள் ஒருநாள் தள்ளி வைக்கச் சொன்னார். மதரும் சரி என்றுவிட்டார். தள்ளி வைத்தால் வெள்ளிக்கிழமை, அதுவும் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்து வெள்ளி என்பது மடத்தில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. வெள்ளியன்று எங்களுக்குச் சுத்தபோசனம். மீனும் முட்டையும் ஆகும். கறி ஆகாது, கறி வெந்த தண்ணீரும் ஆகாது.

சைவத்துக்கு ஒரு பெட்டி, அசைவத்துக்கு ஒரு பெட்டி. சீல் வைத்த கவரைப் பிரித்துச் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார்கள். எனக்கு முட்டைக் கஸ்டர்டு வந்தது. மற்றவர்களுக்கு மீன், ரவைக் கஞ்சி, பூசணிக்காய்க் கூட்டு என்று வந்தது. வெரோனிகா சீட்டைப் பிரித்தாள். 'காய்ச்சல் தெளிந்தவருக்கு ஆட்டுக்கறி சூப்.'

மதர் முகம் வெளுத்துவிட்டது. வேறு சீட்டு எடுக்கட்டுமே என்றார்.

"சீல் வெச்ச கவர்லேர்ந்து வந்துது. மாத்தறதுக்கு எனக்கு அதிகாரம் கிடையாதே" என்றார் செங்கமலம் அம்மாள்.

சமைப்பது பாவமில்லை, சாப்பிடுவதுதான் பாவம் என்று மதர் யோசித்துச் சொன்னார். வெரோனிகா கறியைக் கழுவி அடுப்பில் ஏற்றினாள். புத்தகத்தில் சொன்னபடி உப்பை முதலிலேயே அளந்து போட்டாள். அன்றைக்குக் கரி நன்றாகக் காய்ந்த கரி, திகுதிகுவென்று பிடித்துக்கொண்டது. சூப் பாதியாக வற்றிற்று. வீட்டில் என்றால் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்திருப்பாள், ஒரு குவளை வெந்நீர் ஊற்றியிருப்பாள். வெள்ளிக்கிழமை ஆயிற்றே, ருசி பார்க்கவில்லை. பக்கத்து அடுப்பிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சட்டிக்குள் எட்டிப் பார்ப்பதும் நெற்றியைத் துடைப்பதுமாக இருந்தாள்.

மேசைமேல் பன்னிரண்டு தொன்னைகள். பெயர் எழுதாமல் நம்பர் மட்டும் வைத்திருந்தார்கள். ஏழாம் நம்பர் யாருடையது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், ஆயாவுக்கும் தெரியும். மற்ற பதினொன்றையும் முடித்துவிட்டு ஆயா ஏழின் முன்னால் வந்து நின்றாள்.

"என்ன, உப்பு சொல்லுங்கோ" என்றார் செங்கமலம் அம்மாள்.

"இன்னிக்கு எங்களுக்கு சுத்தபோசனம்மா. கறித்தண்ணி வாயில வெக்கக்கூடாது."

"ருசி பாக்காத பண்டத்துக்கு சைபர்தான் போடணும். அப்படித்தான் ரூல் இருக்கு."

மதர் தோட்டக்காரரைக் கூப்பிட்டனுப்பினார். பக்கிரி வந்து தலையைச் சொறிந்தார். "வெள்ளிக்கெயமம்மா. நானு கவுச்சி தொடமாட்டேன்" என்றார். ஜட்காக்காரர் ஹபீபுர் ரஹ்மான் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஓடினோம். "ரம்ஜான் நோன்பும்மா. சூரியன் எறங்கட்டும், சட்டியோட குடிக்கிறேன்" என்றார். நாலு மணிக்குள் மார்க் தாளை முடித்துக் கவரில் போட்டாக வேண்டும். மயிலாப்பூரிலிருந்து திருவல்லிக்கேணி வரைக்கும் இத்தனை ஜனம் இருந்தும் ஒரு கரண்டி கறித்தண்ணீர் குடிக்க அன்றைக்கு ஆளில்லை. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. வெரோனிகா முகத்தைப் பார்த்ததும் அது அப்படியே நின்றுவிட்டது.

மதர் ஆயாவின் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார். "லூர்துமேரி, பார்த்தாலே தெரிகிறதே, நன்றாகத்தான் இருக்கும். சரியாயிருக்கிறது என்று சொல்லிவிடேன்."

ஆயா மதரை நிமிர்ந்து பார்த்தாள். "அது பொய்யில்ல மதர்? அது எட்டாங் கட்டளை. இது கறி. ரெண்டுல எது பெருசு?"

ஆயா சிலுவை போட்டுக்கொண்டாள். தொன்னையை எடுத்து ஒரே மடக்காக விழுங்கினாள். சிஸ்டர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் ஆயாவின் வாயையே பார்த்தேன். 'சரி' என்று சொல்லப்போகிறாள், இடம் வெரோனிகாவுக்குத்தான் என்று நினைத்தேன். கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது, மறைப்பானேன்.

"உப்பு தூக்கல்" என்றாள் ஆயா.

"எவ்வளவு?"

"ரெண்டு பங்கு. நோவாளி குடிக்க முடியாது."

செங்கமலம் அம்மாள் ஏழுக்கு நேரே ஒரு எண்ணை எழுதினார். அப்போது சுவரோரம் நின்ற வெரோனிகா "அம்மா" என்று வாய்விட்டு அழுதுவிட்டாள். செங்கமலம் அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்க பொண்ணா?"

"ஆமாம்மா."

"முன்னாடியே சொல்லப்படாதோ?"

"சொன்னா இன்னா பண்ணுவீங்க? வேற நாக்கு எங்கம்மா கீது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார். மறுபடி போட்டுக்கொண்டு மார்க் தாளை மடித்துக் கவரில் போட்டார். எழுதின எண்ணை மாற்றவில்லை.

ஆயா மறுநாளே பாவசங்கீர்த்தனம் செய்யப் போனாள். சாமியார் என்ன அபராதம் கொடுத்தார் என்று தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. கேட்கக்கூடாத கேள்விதான், கேட்டேன். "அடுத்த வெள்ளிக்கு ஒரு வேளை மட்டும் துண்ணு ஒருசந்தி இருன்னாரு. எத்தினி கறி துண்ணேன்னு கேட்டாரு. ஒரு கரண்டி தண்ணின்னேன். நல்லா இருந்துச்சான்னாரு. இல்ல சாமின்னேன்" என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ரிசல்ட் வந்தது. டொமெஸ்டிக் சயன்ஸில் வெரோனிகா மூன்று மார்க்கில் போய்விட்டாள். மற்றப் பாடமெல்லாம் பாஸ். பயிற்சிப் பள்ளிக்கு நான் போனேன். பெட்டி கட்டிய அன்று வெரோனிகா வாசல் வரை வந்து "போயிட்டு வா" என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தாயும் மகளும் ஒரே குடிசையில் பேசாமலே கிடந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த வருஷம் முழுக்க வெரோனிகா கூடை சுமந்தாள். மறு வருஷம் திரும்ப எழுதினாள். செய்முறைக்கு வந்த செங்கமலம் அம்மாள் ஜட்காவிலிருந்து இறங்கியதும், "அந்த ஆயா இருக்காளோல்லியோ? அவதான் பாக்கணும்" என்றாராம். அன்று செவ்வாய்க்கிழமை. வெரோனிகா தேறினாள். அடுத்த வருஷத்து இடம் அவளுக்குக் கிடைத்தது. பயிற்சி முடித்துக் கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளியில் சேர்ந்தாள். அவள் தாயிடம் பேசத் தொடங்கியது எந்த நாளில் என்று மட்டும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டு பேரும் சொல்ல மறுத்துவிட்டார்கள்.

1936இல், நான் வாத்தியாரம்மாவாகி ஏழு வருஷம் கழிந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகையில் கோவில் மதிலோரம் ஆயாவைப் பார்த்தேன். அப்போது அவள் வேலையை விட்டிருந்தாள். வாய் நிறைய வெற்றிலை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஒன்பது வருஷமாக எனக்குள் குடைந்துகொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு நீ சரின்னு சொல்லியிருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காதே ஆயா?"

"தெரிஞ்சிருக்காது."

"பெத்த பொண்ணு. ஒரு வார்த்தைதானே?"

ஆயா வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள். "அதே நாக்காலதான் மத்த பதினோரு பொண்ணுங்களுக்கும் சொல்லிக்கினு வந்தேன். எம்பொண்ணுக்கு ஒண்ணு மாத்தி சொன்னா அதுங்க மார்க்கு இன்னா ஆவும்? அல்லாம் பொய்யாப் பூடும்ல? யாரு நல்லா ஆக்குனா, யாரு ஆக்கலன்னு எனக்கே தெரியாமப் பூடும்."

அந்தப் பதினோரு பேரில் நான் ஒருத்தி. கஸ்டர்டுக்கு எனக்கு ஒன்பது மார்க். அதை இத்தனை வருஷமும் என் கைச் சாமர்த்தியம் என்று மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒன்பது ஒன்பதாகவே நிற்க வேண்டும் என்று ஒருத்தி தன் மகளின் ஒரு வருஷத்தைக் கொடுத்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இன்னாத்துக்கு அழுவுற?" என்றாள் ஆயா. "உன்து நெசமாவே நல்லாதான் இருந்துச்சு."