வந்ததற்குப் போட்ட கையெழுத்து

வார்டு கூட்டத்துக்கு நான் போனது நாலு சிமெண்ட் பலகைக்காக. விஜயநகரில் எங்கள் வாசலை ஒட்டித் திறந்த சாக்கடை ஓடுகிறது; இங்கே மோரி என்பார்கள். பக்கவாதம் வந்தபின் என் கணவர் சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார். அதைத் தாண்ட நாங்களே போட்ட பலகையைத் தூர்வார வந்தவர்கள் உடைத்துப் போட்டார்கள்; மறுபடி போட்டால் அபராதமாம். வார்டு ஆபீஸில் கேட்டால், பட்ஜெட்டில் சேர்க்க வேண்டும், அதற்கு மக்களைக் கூப்பிட்டுக் கேட்போம், அங்கே வந்து சொல்லுங்கள் என்றார்கள்.

நான் நர்ஸ். டியூட்டியை மாற்றிக்கொண்டு பசியோடு ஓடினேன். வாசலிலேயே ஒரு நோட்டை நீட்டினார்கள். எங்கள் வார்டில் அதுதான் வழக்கம்: முதலில் கையெழுத்து, அதற்கு ஒரு டோக்கன், டோக்கனுக்குக் காராபாத்தும் கேசரிபாத்தும், பிறகுதான் கூட்டம். நானும் போட்டேன், தின்றேன். முன்வரிசைப் பென்ஷன்காரர்கள் மைக்கை விடவே இல்லை. பூங்காவுக்கு அலங்கார வளைவு வேண்டுமாம், அதில் விளக்கும் எரிய வேண்டுமாம். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. நான் எழுந்ததும், "டைம் ஆயிடுச்சு மேடம், எழுதிக் குடுத்துடுங்க" என்று மைக்கை அணைத்துவிட்டார்கள். எழுதியும் கொடுத்தேன்.

அடுத்த மாதம் வார்டு ஆபீஸில் தீர்மானத்தை ஒட்டியிருந்தார்கள். சொத்துவரி உயர்வுக்கும் வளைவுக்கும் வந்திருந்த அனைவரும் ஒருமனதாக ஒப்புதல். ஆதாரமாக அந்த நோட்டுப் பக்கத்தின் நகல். நடுவில் என் கையெழுத்து. மோரியைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அங்கிருந்த குமாஸ்தா கொள்ளேகாலத்துத் தமிழர். "வந்ததுக்குத்தானே சைன் பண்ணேன்? வரி ஏத்தச் சொல்லி நான் எங்க ஒத்துக்கிட்டேன்?" என்று கேட்டேன்.

"வந்தீங்கன்னா ஒத்துக்கிட்டீங்கன்னுதானுங்க அர்த்தம். புடிக்காதவங்க எதுக்குங்க வரப்போறாங்க?"

அவர் கிண்டல் செய்யவில்லை, மனதார நம்பித்தான் சொன்னார். அதுதான் என் ஆத்திரத்தைக் கூட்டியது. என்மேலும் குறைவில்லாத ஆத்திரம். ஆபரேஷனுக்கு முன்னால், "படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க" என்று தினமும் நோயாளிகளுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். ஒரு தட்டு காராபாத்துக்கு விழுந்துவிட்டேன். வீட்டில் இதைச் சொல்ல வாய் வரவில்லை.

அந்த வாரம் பிசியோதெரபிக்குப் போகிற நாளில் நல்ல மழை. மோரி வழிந்து ஓடியது. தெருமுனை ஆட்டோக்காரரும் நானும் என் கணவரை நாற்காலியோடு தூக்கித் தாண்டினோம். அவர் முப்பது வருஷம் ஃபாக்டரியில் வேலை பார்த்தவர்; ஒருவரிடமும் ஓர் உதவி கேட்டதில்லை. ஆட்டோவில் உட்கார்ந்ததும் ஈர வேட்டியைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "மன்னிச்சுக்கோ தம்பி. இன்னும் கொஞ்ச நாள்தான். பலகை போட்டுடுவாங்க. நம்ம மிஸ்ஸஸ் மீட்டிங்ல பேசியிருக்காங்க."