அண்ணி தேய்த்த உலோகங்கள்

அட்சய திருதியைக்கு ஊரே நகைக்கடை வாசலில் நிற்கும்போது நான் வீட்டில் உட்கார்ந்து நியோபியத்துக்கு ஆர்டர் போட்டுக்கொண்டிருப்பேன். இதை ஆபீசில் சொன்னால் பக்கத்து சீட்டு அக்கா கேட்கும் முதல் கேள்வி, "அது எத்தனை கேரட்?" என்பதுதான். கேரட்டெல்லாம் இல்லை, கலப்படமில்லாத உலோகம், உள்ளங்கையில் அடங்கும் ஒரு துண்டு, சும்மா வைத்துப் பார்ப்பதற்கு என்பேன். "பாத்துட்டு?" என்பார். பார்த்துவிட்டு மறுபடியும் பார்ப்பேன்.

வேங்கிக்காலில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு கண்ணாடி அலமாரி. அதுதான் என் சாம்ராஜ்யம். வெள்ளீயக் குச்சியை வளைத்தால் முனகும். டங்ஸ்டன் துண்டைத் தூக்கினால் கை ஏமாந்து கீழே இறங்கும். பிஸ்மத்தில் மயில் கழுத்து நிறம் படிந்திருக்கும். காலியம் பார்க்க வெள்ளிக் காசு போல இருக்கும், சித்திரை வெயிலுக்கு டப்பாவுக்குள்ளேயே உருகித் தளும்பும், கார்த்திகையில் இறுகிவிடும். மற்றதெல்லாம் சாம்பல் நிறத்தில் அண்ணன் தம்பி ஜாடை. அதனால் ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். அலுமினியம் மட்டும் வாங்கவில்லை. அடுக்களையில் உருளுகிற சாமானுக்குக் கண்ணாடி அலமாரி எதற்கு என்று ஒரு கொழுப்புதான்.

இந்த சாம்ராஜ்யத்துக்கு ஒரே ஆபத்து அண்ணி. என் கணவரின் அக்கா. போளூர்ப் பக்கம் கிராமம். எங்கள் மொட்டை மாடியிலிருந்து மலை உச்சி நன்றாகத் தெரியும் என்பதால் கார்த்திகை தீபத்துக்கு வருஷா வருஷம் வந்துவிடுவார். வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் சமையலும் அவர்தான். என் பாத்திரங்கள் மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. தன்னுடைய பெரிய அலுமினியக் குண்டானை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவார், குண்டானுக்கு ஜன்னலோர சீட்டு.

போன வருஷம் கிளம்புவதற்கு முன்பு போனில் தீர்ப்பே சொல்லிவிட்டார். "வெள்ளி சாமானெல்லாம் பீரோவுல பூட்டிட்டு, தகரத்த கண்ணாடியில வெச்சிருக்கியேம்மா. இந்த தபா நானே வந்து அலமாரிய ஒழிச்சுக் குடுக்குறேன். எல்லாத்தையும் எடைக்குப் போட்டுடு." என் கணவர் தன் அக்கா பேச்சைத் தாண்டியதாகச் சரித்திரமே இல்லை. பழைய இரும்புக்காரர் தராசில் என் நியோபியம் ஏறுவதை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணி வந்ததும் பக்குவமாகப் பேசிப் பார்க்கலாம் என்றிருந்தேன். ஆனால் தீபத்துக்கு முந்தின நாள் எனக்குத் திருவிழா டியூட்டி போட்டுவிட்டார்கள்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது அலமாரி காலியாக இருந்தது. ஹால் நடுவில் ஒரு தாம்பாளம். அதில் என் உலோகங்கள் வரிசையாக, பளபளவென்று, ஒவ்வொன்றுக்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்து உட்கார்ந்திருந்தன.

"ஒழிக்கலாம்னுதான் கை வெச்சேன்" என்றார் அண்ணி. "தீபமும் அதுவுமா அழுக்கோட வெளிய போட மனசு வரல. வெந்நீர்ல புளியக் கரைச்சு குண்டான்ல ஊறப் போட்டு தேய்ச்சுட்டேன். புது சாமான்ல ஸ்டிக்கர் கூடப் பிரிக்காம வெச்சிருக்க நீ."

எனக்குக் கோபம் வந்தது. பிஸ்மத்தைக் கையில் எடுத்தேன். மயில் கழுத்து போய் வெறும் ஈயக்கட்டி மாதிரி இருந்தது. கோபத்தோடு அழுகையும் சேர்ந்துகொண்டது. என் முகத்தைப் பார்த்த கணவர், மாடியில் சீரியல் லைட் கட்டணும் என்று நழுவிவிட்டார்.

தரையில் உட்கார்ந்து, ஸ்டிக்கர் போன உலோகங்களை எது எது என்று பிரிக்க ஆரம்பித்தேன். அண்ணியும் எதிரில் உட்கார்ந்தார். டங்ஸ்டனுக்கு அடையாளம் சொல்லத் தேவையில்லை. வெள்ளீயத்தை வளைத்ததும் முனகிக் காட்டிக்கொடுத்தது. "ஒண்ணு புளித்தண்ணில போட்டதும் சோடா கணக்கா நுரைச்சுச்சு" என்றார் அண்ணி. எது என்று கேட்டேன். "இந்தா, எடையே இல்லாம இருக்கே, இது." அது மெக்னீசியம். சமையலறைத் தராசை வைத்து மீதியையும் பிரித்துவிட்டேன். காலியத்தை மட்டும் காணவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணியே சொல்லிவிட்டார். "வெள்ளிக் காசு மாதிரி இருந்துச்சே, அதுதான். வெந்நீர்ல போடும்போது பாத்தேன். எடுக்கும்போது இல்ல. சாக்கடை ஜல்லடை வரைக்கும் தேடிட்டேன்."

"அது வெள்ளி இல்ல அண்ணி. காலியம். வெந்நீர் பட்டா உருகிடும். கழுவும்போது தண்ணியோட போயிருக்கும்."

"வெந்நீர்ல உருகுற வெள்ளி எந்த ஊர்ல விக்கிது? நான் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்ற." அண்ணி குனிந்து தன் கால் கொலுசின் திருகாணியைத் திருக ஆரம்பித்தார். "இத வெச்சுக்கோ. தம்பி வூட்டுல வெள்ளியத் தொலைச்சவள்ன்ற பேரு எனக்கு வாணாம்."

திருகாணி சுலபத்தில் வரவில்லை, புடவைத் தலைப்பால் பிடித்துத் திருகினார். அதைப் பார்த்ததும் என் கோபம் போன இடம் தெரியவில்லை. அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். கொலுசு காலிலேயே இருந்தது, ஆனால் அவர் என்னை நம்பவில்லை. ராத்திரி சரியாகச் சாப்பிடவும் இல்லை.

காலையில் பொங்கலுக்காகக் குண்டானைக் கழுவப் பின்பக்கம் போனார். அடியில் புளிச் சக்கையோடு அது குழாயடியில் அப்படியே கிடந்தது. இரண்டு கையாலும் தூக்கினார். விளிம்பு கையோடு வந்தது, அடிப்பாகம் தரையிலேயே நின்றுவிட்டது. புளித்தண்ணீர் அவர் காலை நனைத்துக்கொண்டு ஓடியது. உடைந்த இடத்தில் வெள்ளிப் பொட்டுகள் மின்னின.

உருகிய காலியம் அலுமினியத்துக்குள் ஊறி அதை உளுத்துப்போக வைத்துவிடும். வீடியோவில் பார்த்திருக்கிறேன். சமயத்துக்கு அது ஞாபகம் வந்தால்தானே. "உங்க குண்டான அதுதான் தின்னுடுச்சு அண்ணி" என்றேன். இனி என் அலமாரியை அந்தக் கடவுளே வந்தாலும் காப்பாற்ற முடியாது என்று நினைத்தேன்.

அண்ணி உட்கார்ந்து ஒரு ஓரத்தை அழுத்தினார். அப்பளமாக நொறுங்கியது. இன்னொரு ஓரத்தையும் நொறுக்கிப் பார்த்தார்.

"அப்ப நேத்து நீ சொன்னது நெசமா?"

"நெசம்தான் அண்ணி."

"நான் தொலைக்கல."

"இல்ல. அது உங்க குண்டானுக்குள்ளயேதான் இருக்கு."

அண்ணி சிரிக்க ஆரம்பித்தார். ஊரறிந்த அந்தக் குண்டான் போனதற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து வந்த அண்டாவில், முணுமுணுத்துக்கொண்டேதான், பொங்கல் வைத்தார்.

சாயங்காலம் மாடியில் தீபம் பார்த்துக் கும்பிட்டு முடித்ததும் சொந்தக்காரர்களை ஹாலுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொருவர் கையிலும் டங்ஸ்டனை வைத்து, "பாத்தா கம்மி, தூக்குனா ஜாஸ்தி, எப்படி?" என்றார். எங்கள் சின்ன மாமியார், இதையெல்லாம் எடைக்குப் போடப் போவதாகச் சொன்னாயே என்று கேட்டுவிட்டார். அண்ணி அவரைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

மறுநாள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது இடுப்பிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து நீட்டினார். பிரித்தேன். குண்டானின் விளிம்புத் துண்டு, துடைத்துச் சுத்தமாக இருந்தது.

"இதையும் உள்ள வை" என்றார். டங்ஸ்டனை நகர்த்தி நடுவில் இடம் பண்ணி வைத்தேன். செருப்பு மாட்டியவர் வாசலில் நின்று திரும்பினார்.

"மொதல்ல ஸ்டிக்கர் ஒட்டு. எவளாவது வந்து தேய்ச்சுடப் போறா."